மூன்றாவது ஓலையும் ஒரு கடல் சாமந்தியும்

ரூபியின் கல்யாணத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைதான் பாக்கி. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பார்கள். தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது பாவம். இந்தக் கடைசிப் பகுதியை பிலோமினம்மாள் அத்தை ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டவள் இல்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு நவம்பர் மாதம். நோரிஸ் ரோட்டு மாடி வீட்டில் கல்யாண வேலை பாதி முடிந்திருந்தது. இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை கல்யாணம். அன்றைக்குத்தான் பங்கு மண்டபம் கிடைத்தது என்று ரூபியின் அப்பா சூசைநாதன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அமாவாசைக்கு மறுநாள் வளர்பிறை தொடங்குகிறது என்பதற்காக அவர் அந்தத் தேதியைக் காலண்டரில் ரகசியமாகக் குறித்து வைத்ததை ரூபி பார்த்திருந்தாள். அதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. டிசம்பர் பிறந்தால் ஆகமன காலம். கிறிஸ்துமஸ் தாண்டும் வரை கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானம், அப்பாவின் தட்டில் மீன் குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைச் சட்டியில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அத்தை சொன்னாள்.

"நேத்து பொங்கோல்ல மாப்பிள்ளையப் பார்த்தேன்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதைக் கேட்டு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கோயில் சபையான மரியாயின் சேனைப் பெண்கள் பன்னிரண்டு பேர் சனிக்கிழமை பொங்கோல் கடற்கரைக்குப் பிக்னிக் போயிருந்தார்கள். சாயங்காலம் மற்றவர்கள் பாய் விரித்து அரட்டையில் உட்கார்ந்துவிட, அத்தை மட்டும் கால் மரத்துப்போயிற்று என்று கரையோரமாக நடந்திருக்கிறாள். கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. அந்தச் சேற்று மணலில் ஒரு மனிதன் குப்புற விழுந்து கிடந்தான். கை இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. அசைவே இல்லை. பயந்துபோய் ஒரு செபம் சொல்லி முடிப்பதற்குள் அவனே எழுந்தான், நாலு எட்டு நடந்தான், மறுபடியும் விழுந்தான். மூன்றாம் தடவை எழுந்தபோதுதான் முகம் தெரிந்தது. பெண் பார்க்க வந்த நாளில் போட்டிருந்த அதே நீலச் சட்டை. அத்தை கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை என்றாள்.

"ஒண்ணு குடி, இல்லேன்னா வலிப்பு. குடிக்கிறவன் மூஞ்சி அது இல்ல தம்பி. எனக்குத் தெரியும்."

சூசைநாதன் தட்டை நகர்த்தி வைத்தார். அவருக்கும் அத்தைக்கும் இளையவன் ஒருவன் இருந்தான். பதினெட்டு வயதில், ஊர்க் குளத்தங்கரையில் வலிப்பு வந்து விழுந்து, ஆள் வருவதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டான். அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுப்பதில்லை. அத்தை இப்போதும் எடுக்கவில்லை. கரண்டியை மட்டும் பிடித்தபடி நின்றாள்.

ரூபிக்கு இருபத்தெட்டு வயது. கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸ். வலிப்பு என்ற சொல்லைக் கேட்டுப் பதறுகிறவள் இல்லை. எத்தனையோ பேரைக் கையில் தாங்கிப் பிடித்திருக்கிறாள். ஆனாலும் ஒன்று உறுத்தியது. பெண் பார்க்க வந்தபோது ஆம்ப்ரோஸின் நகக்கண்களில் கறுப்பாக ஒரு கோடு இருந்ததை அவள் கவனித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில், விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வேலை என்று மட்டும் அவன் சொன்னான். அதற்கு மேல் அத்தை தோண்டித் தோண்டிக் கேட்டும் ஒன்றும் பெயரவில்லை. அவளை அவன் நேராகப் பார்க்கவே இல்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அலமாரிக் கண்ணாடியில் பார்த்தான். புறப்படும்போது வாசலில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நைட் டியூட்டி முடிச்சு வந்தா, பகல்ல தூக்கம் வருதா உங்களுக்கு?" எட்டு வருஷமாக நைட் டியூட்டி பார்க்கிறாள். அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் சரி என்றாள். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பா எழுந்து கை கழுவிவிட்டு வந்து, சாமியாரைப் பார்க்கச் சட்டை மாற்றப் போனார். ரூபி கதவருகே போய் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஃப். நானே போய்ப் பார்க்கிறேன்ப்பா. நோய் இருந்தா நோயாளியைப் பார்த்தா எனக்குத் தெரியும். தெரிஞ்சா நானே சாமியார்கிட்ட சொல்றேன். உங்க வாயால வேணாம்."

அவன் செவ்வாய்க்கிழமை அங்கே இருப்பானா என்று அப்பா கேட்டார். இருப்பான் என்று அத்தையே சொன்னாள். பஸ் நிறுத்தத்துக் காப்பிக்கடைக்காரனிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள், கடல் வற்றும் நேரத்துக்குத் தவறாமல் வந்துவிடுவானாம்.

சனிக்கிழமை வரை பொறுக்கிறேன் என்றார் சூசைநாதன்.

*

செவ்வாய்க்கிழமை ஆறாங்கட்டைச் சந்தியில் பஸ் மாறி, பன்றிப் பண்ணைகளையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி ரூபி பொங்கோல் கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது மணி நாலரை. எதிரே ஜொகூர் கரை கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. நடுவில் இருந்த கடல் சுருங்கி ஓர் ஓடைபோல ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மணலும் சேறும்.

கரையோரம் சிப்பி தோண்டிக்கொண்டிருந்த மலாய்ப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கூப்பிடுவதுபோல "மிஸ்ஸி" என்று கூப்பிட்டாள். முகம் பிடிபடவில்லை. பெயர் ஹலீமா என்றும், தன் மூன்றாவது பிள்ளையைப் பிடித்தது மிஸ்ஸிதான் என்றும் அவள் சொன்ன பிறகு ரூபிக்கு நினைவு வந்தது. நீலச் சட்டைக்காரரைப் பற்றிக் கேட்டதும் ஹலீமா சிரித்தாள். நல்ல மனிதர்தான், ஆனால் இத்தனை சிப்பியையும் மிதித்துக்கொண்டு போய் ஒன்றுமில்லாத ஓட்டையைப் பார்க்கிறார் என்று மலாயில் சொல்லி, தூரத்தில் கையைக் காட்டினாள்.

அவன் அங்கே கிடந்தான். அத்தை சொன்னபடியேதான். குப்புற, கையை நீட்டி, மேற்கே பார்த்து.

ரூபி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். இருபதடி தூரத்தில் நின்றாள். நோயாளியின் மூச்சை எண்ணுவது அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத்தான் பார்க்க வேண்டும். இங்கே மணிக்கட்டு எட்டாது. பையிலிருந்து நர்ஸ் கடிகாரத்தை எடுத்து, அவன் முதுகைப் பார்த்தாள். சட்டையில் ஒரு மடிப்பு இருந்தது. மூச்சு வந்தால் அது அசைய வேண்டும்.

பத்து விநாடி. இருபது. மடிப்பு அசையவில்லை. முப்பது. பயிற்சி பெற்றவள் அறுபது விநாடி எண்ண வேண்டும். நாற்பதில் ரூபி செருப்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் காலடியில் மணல் தப்தப்பென்று அதிர்ந்தது. அவன் தலையைத் தூக்கினான். மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்தது.

"போச்சு," என்றான் திரும்பாமலே. "பதினாலு வரைக்கும் வந்துட்டேன்."

பிறகுதான் திரும்பினான். தாடையிலும் மூக்கு நுனியிலும் சேறு. கையில் ஒரு பூதக்கண்ணாடி. வயிற்றுக்கு அடியில் மெழுகுத்துணி. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முழங்காலிலேயே நின்றுவிட்டான்.

சுற்றி வளைக்க ரூபிக்கு வராது. வார்டில் பழகிய பழக்கம், நல்லதோ கெட்டதோ நேராகச் சொல்லிவிடுவாள். அத்தை சனிக்கிழமை பார்த்ததையும், வலிப்பு என்று பயப்படுவதையும், சித்தப்பா ஒருவர் குளத்தில் போனதையும், மூன்றாவது ஓலைக்கு முன் அப்பா சாமியாரிடம் போகப்போவதையும் அவள் சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்ல அவன் முகம் மூடிக்கொண்டே போனது. பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தான். மெழுகுத்துணியைச் சுருட்டினான்.

"எனக்கு வலிப்பு இல்லைங்க," என்றான். "ஆனா உங்க வீட்டுல இவ்வளவு கஷ்டம்னா வேணாம். ஓலையை நிறுத்திடச் சொல்லுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

ரூபிக்குக் கோபம் வந்தது. இரண்டு பஸ் ஏறி வந்து, நாற்பது விநாடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், தப்பாக நினைக்க மாட்டானாம். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். ஆனால் அவன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்ற நிற்பைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதன் ஒரேயடியாக உள்ளே போய்விடுவான். பிறகு யார் கூப்பிட்டாலும் வர மாட்டான்.

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். சூரியனைப் பார்த்து உட்கார்ந்ததால் நிழல் பின்னால் விழுந்தது. பேசவில்லை. ஹலீமாவின் மண்வெட்டிச் சத்தம் மட்டும் எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவனாகவே பேசினான். முதுகைத் திருப்பாமல்தான். இதற்கு முன் இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்களாம். ஒரு வீட்டில் உண்மையைச் சொன்னான். கடற்கரையில் படுத்துப் புழு பார்க்கிற மாப்பிள்ளை என்று கேலி செய்து அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் பெண்ணே கேட்டாள், வேறு வேலை கிடைக்காதா என்று. அதனால்தான் மூன்றாவது வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

"அது புழு இல்லைங்கறதுதான் விஷயமே," என்றான். "எட்டு மாசமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், யாரு கேக்குறா."

ரூபியின் பார்வை தரையில் இருந்தது. அவள் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி, விரலளவு தண்ணீர் தேங்கிய இடத்தில், ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருந்தது. அந்தத் துளையிலிருந்து ஏதோ எட்டிப் பார்த்தது. முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு மெல்லிய நுனிகள் ஒவ்வொன்றாக. கடைசியில் ஐந்து காசு அகலத்தில் ஒரு பூ மணலோடு மணலாக விரிந்து கிடந்தது. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் இதழ்கள். ஒவ்வொன்றிலும் பழுப்பாகச் சின்னச் சின்ன வரிகள்.

"ஆம்ப்ரோஸ்," என்றாள் உதடு அசையாமல். அவள் அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "என் கால்கிட்ட."

அவன் திரும்பினான். பார்த்த நொடியில் அவன் முகத்தில் இருந்த தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. சத்தமில்லாமல் முழங்காலில் இறங்கி, வயிற்றில் படுத்து, அங்குலம் அங்குலமாக முன்னால் வந்தான். கிசுகிசுப்பாகப் பேசினான். இது கடல் சாமந்தி, பூப்போல இருந்தாலும் ஒரு பிராணி. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய சாமந்தியை எல்லாருக்கும் தெரியும். இது மணலுக்குள் குழிபறித்து வாழும் சின்ன வகை. தோண்டி எடுத்தால் தீக்குச்சி நீளத்தில் புழுப் போலத்தான் சுருங்கும். ஆனால் புழுவுக்கு உடம்பில் குறுக்கே வளையம் வளையமாக இருக்கும். இதற்கு நெடுக்காக எட்டுக் கோடு. ஒட்டிக்கொள்ளத் தட்டையான அடிப்பாகம் கிடையாது; அடி உருண்டு, மணலுக்குள் நங்கூரம்போல இறங்கியிருக்கும். ஆய்வுக்கூடத்திலிருந்து ஆறு உருப்படிகளைக் குப்பியில் போட்டு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். எல்லாம் சுருங்கிப்போய்விட்டன, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, உயிரோடு விரிந்திருக்கும்போது இதழ்களை எண்ணி, எப்படி அமைந்திருக்கின்றன என்று எழுதி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவன் எண்ணுகிறான்.

"நிழல் பட்டா உள்ள போயிடும். நடந்தா உள்ள போயிடும். தண்ணி மேல மூச்சு பட்டாகூடப் போயிடும்லா. அதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எண்ணுறது. ஒரு நாள் பதினாலு வரும், ஒரு நாள் பதினஞ்சு. ஒரு தடவைகூட ஒரே கணக்கு வரலை."

ரூபி தன் சேலையைப் பார்த்தாள். வெளிர் மஞ்சள் வாயில் துணி, போன மாதம் தேக்காக் கடையில் எடுத்தது. பிறகு படுத்தாள். ஈரம் கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரே சமயத்தில் ஏறியது. அவன் பூதக்கண்ணாடியை நீட்டினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

வெளியே விரிந்து கிடந்த இதழ்களை எண்ணுவது சுலபம். எட்டு. உள்வட்டத்தில்தான் சிக்கல். அவை விரிந்து கிடக்கவில்லை. வாயின் மேல் மடங்கி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவன் எத்தனை மாதம் எண்ணினாலும் ஏன் கணக்கு மாறுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. நுனியைப் பார்த்து எண்ணுகிறான். நுனிகள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்கின்றன.

முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சை விட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"பிள்ளை பிறந்ததும் நாங்க முதல்ல விரலைத்தான் எண்ணுவோம். அது கையை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் வரும். பிரிச்சா அழும். அதனால நுனியைத் தேட மாட்டோம். மூடின கையிலேயே மடிப்பை எண்ணுவோம். விரல் எங்கே மடங்குதோ அந்த முட்டியை."

அவன் அவளைப் பார்த்தான். அலமாரிக் கண்ணாடியில் இல்லை, நேராக.

அவள் மறுபடி குனிந்தாள். வாய் ஒரு சின்னக் கீறல்போல இருந்தது. அதன் ஒரு முனையில் தொடங்கி, மடிப்புகளை மட்டும் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது மடிப்பில் கீறலின் அதே முனைக்குத் திரும்பி வந்தாள். சொல்லாமல் கண்ணாடியை அவனிடம் கொடுத்தாள். அவன் எண்ணினான். காது நுனி சிவக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள எட்டு," என்றான்.

"வெளிய எட்டு," என்றாள் ரூபி.

கடல் திரும்பி ஏறும் வரை இன்னும் ஐந்து சாமந்திகளை எண்ணினார்கள். ஐந்திலும் பதினாறு. அவன் அதை நோட்டில் எழுதினான். ஈரம் பட்டு மை பரவியது. உடம்பில் எட்டுக் கோடு, உள்ளே எட்டு, வெளியே எட்டு, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது பாருங்க, என்று ஒன்றையே மூன்று தடவை சொன்னான்.

கரையில் ஹலீமா இரண்டு பேரையும் தலை முதல் கால் வரை பார்த்தாள். சேற்றில் கிடப்பவர் ஒருவர்தான் என்று நினைத்தேன், இரண்டாகத் திரும்பி வருகிறீர்களே என்று சொல்லி, கால் கழுவக் குடத்தைச் சாய்த்தாள்.

*

மஞ்சள் சேலையைப் பார்த்த பிலோமினம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ரூபி நடந்ததைச் சொன்னாள். மூச்சு நின்றதற்குக் காரணம் சொன்னாள். வலிப்பு இல்லை என்று ஒரு நர்ஸாகச் சொன்னாள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ அவன்மேல ஆசைப்பட்டுட்டே, ஆசைப்பட்டவ சாட்சி செல்லாது என்று முடித்துவிட்டாள். சூசைநாதன் இரண்டு பெண்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அந்தத் தம்பியே வந்து காட்டட்டும் என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆம்ப்ரோஸ் வந்தான். நீலச் சட்டை, நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. கையில் துணி சுற்றிய பெரிய கண்ணாடிச் சாடி. பாதி மணல், பாதி கடல் தண்ணீர், மணலுக்குள் ஒரு சாமந்தி. சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார்கள். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து மணலைப் பார்த்தார்கள்.

நாலு மணி வரை மணல் மணலாகவே இருந்தது.

சிராங்கூன் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் சாடித் தண்ணீர் நடுங்கியது. அப்பா விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். ரூபி அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள். இந்த மண்ணைக் காட்டத்தான் பஸ் ஏறி வந்தாரா என்று அத்தை, மேசைக்குக் கேட்கும்படி, சுவரிடம் சொன்னாள். ஆம்ப்ரோஸ் நாற்காலியில் சின்னதாகிக்கொண்டே போனான். இன்னும் கால்மணி நேரம் போனால் சாடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று ரூபிக்குத் தெரிந்தது. அப்படிக் கிளம்பினால் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு சாமியாரிடம் போவார் என்பதும் தெரிந்தது.

"பின்னறையில வைப்போம்," என்றாள். "அங்கே ஆட்டம் இருக்காது. யாரும் பார்க்க வேணாம்."

பின்னறை அத்தையின் அறை. மாதா படத்துக்கு முன்னால் தரையில் சாடியை வைத்துவிட்டு எல்லாரும் முன்னறைக்கு வந்தார்கள். செபமாலை நேரமாயிற்று என்று அத்தை மட்டும் உள்ளேயே தங்கினாள். ரூபி காப்பி போட்டாள். அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு ஓடவில்லை. தபால் ஆபீசில் தான் முப்பது வருஷம் முத்திரை குத்தியதைப் பற்றி அப்பா கொஞ்சம் சொன்னார். ஆம்ப்ரோஸ் தலையாட்டினான். காப்பி ஆறியது. ஐந்தேகால் ஆயிற்று. வழக்கமாக அத்தையின் செபம் தெரு வரைக்கும் கேட்கும். இன்று பின்னறையிலிருந்து சத்தமே வரவில்லை.

சூசைநாதன் எழுந்து போய்த் திரையை விலக்கினார். அடுத்த நொடி அவர் குரல் உடைந்தது.

"அக்கா."

ரூபி ஓடினாள். பின்னால் ஆம்ப்ரோஸ். மாதா படத்துக்கு முன்னால் பிலோமினம்மாள் குப்புறக் கிடந்தாள். வெள்ளைச் சேலை தரையில் பரந்து கிடந்தது. கை இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. முதுகு அசையவில்லை.

அப்பா குனிவதற்குள் நீட்டியிருந்த கைகளில் ஒன்று மெல்ல எழுந்தது. கையில் செபமாலை. அது இப்படியும் அப்படியும் ஆடி, வாயை மூடு என்று சொன்னது. மூவரும் அப்படியே நின்றார்கள். அத்தையின் கட்டைவிரல் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசியில் நின்றது. மூச்சு நீளமாக வெளியே வந்தது. சாடிக்குள் ஏதோ சட்டென்று மறைந்தது.

"பேசாம இருக்கக் கூடாதா தம்பி நீ? பயந்துட்டுதே," என்றாள் எழுந்து உட்கார்ந்து. முட்டியைத் தடவிக்கொண்டாள். "செபமாலையில ஒரு பத்து தள்ளினேன். அதுக்கு மேல இன்னும் ஆறு."

ஆம்ப்ரோஸ் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். மை பரவிய பக்கத்தைப் புரட்டி அவளிடம் நீட்டினான். இதழ் எத்தனை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ரூபிகூட நடந்ததைச் சொன்னாளே தவிர எண்ணைச் சொல்லவில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஆறு வரி, ஆறு வரியிலும் பதினாறு.

"மூச்சை விட்டா ஓடிப்போயிடுது," என்று தம்பியிடம் புகார் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். போன சனிக்கிழமை கடற்கரையில் அவனைப் பார்த்த பார்வை இல்லை இது. "ஏன் தம்பி, இத்தனை நாளும் அந்தச் சேத்துல அப்படியேவா கிடந்தீங்க? நெஞ்சுல சளி கட்டாது? ரூபி, அந்தக் காப்பியைச் சூடு பண்ணு."

சூசைநாதன் திரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். சட்டை மாற்றவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். சூசைநாதன் மகள் ரூபி, காலஞ்சென்ற தாவீது மகன் ஆம்ப்ரோஸ். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று சாமியார் சொல்லி நிறுத்தியபோது கோயிலில் ஒரு குழந்தை மட்டும் அழுதது. ரூபி தனக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு எண்ணுவதற்குள் சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

ஆனால் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்ததும், பிலோமினம்மாள் மட்டும் திரும்பி சாமியார் உடுப்பு மாற்றும் அறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். ரூபிக்கு உயிர் போய்விட்டது. படிக்கட்டில் ஆம்ப்ரோஸ் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் பார்த்துவிட்டான். ஐந்து நிமிஷம் கழித்து அத்தை வந்தாள், முக்காட்டைச் சரி செய்துகொண்டு.

என்ன என்று அப்பா கேட்டார். செபமாலை மணியில் அருள்நிறை மந்திரம் சொல்லாமல் வேறு ஒன்றை எண்ணிவிட்டேன், அது பாவமா என்று கேட்கப் போனேன் என்றாள் அத்தை. ஒரு முழுச் செபமாலை சொல்லும்படி அபராதம் கிடைத்ததாம்.

"புழுவை எண்ணினேன்னு நேராச் சொன்னேன். சாமியார் சிரிச்சிட்டார்."

"புழு இல்லைங்க அத்தை," என்றான் ஆம்ப்ரோஸ். "சாமந்தி."

மற்றவர்களுக்கு முன்னால் அவன் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அத்தை என்று அழைத்ததும் முதல் தடவை. பிலோமினம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, சாமந்தி. அது உள்ள மடங்கிக் கிடக்கிறதை நான் இன்னொரு தடவை சரியாப் பார்க்கணும். சாடியில இல்ல, அதோட இடத்துல. மறுபடி எப்ப கடல் வத்தும்?"

ஆம்ப்ரோஸ் பையிலிருந்து கடல் ஏறி இறங்கும் நேரம் அச்சடித்த சின்னப் புத்தகத்தை எடுத்தான். பக்கத்தைப் புரட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். முகம் மறுபடி மூடிக்கொள்ளப் பார்த்தது. ரூபி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அமாவாசைக்கு மறுநாள். இனி இந்த மாதத்தில் கடல் இவ்வளவு இறங்குவது அன்று ஒரு நாள்தான். இருபத்தெட்டாம் தேதி, சாயங்காலம் ஐந்து பத்து. அப்பா வளர்பிறை பார்த்துக் குறித்த அதே புதன்கிழமை.

அவள் சத்தமாகவே வாசித்தாள். சூசைநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அத்தை விரல்விட்டு எண்ணினாள். காலை ஒன்பதுக்குப் பூசை. பதினொன்றரைக்குப் போட்டோ. மத்தியானம் கொஞ்சம் படுக்கலாம். நாலு மணிக்குள் பொங்கோல் பஸ் ஏறிவிடலாம்.

"விருந்து ஏழரைக்குத்தானே தம்பி?" என்றாள் சூசைநாதனிடம்.